லலிதாம்பாள் திருப்பிக் கூப்பிடவில்லை

லலிதாம்பாள் மாமியைப் பற்றி எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அன்பு, மரியாதை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். பதினொரு வருடம் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

எங்கள் வேலை என்னவென்று சொல்வதற்குள் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருவனந்தபுரம், கொல்லம், கன்னியாகுமரி மூன்று மாவட்டத்துக்குமாகச் சேர்த்து ஒரு சின்ன நிதி. கருவைக் கலைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் நிற்கிற, கையில் காசில்லாத பெண்களுக்குச் செலவுக்குக் கொடுப்போம். எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். "அதெல்லாம் சர்க்கார் ஆஸ்பத்திரியில ஃப்ரீதானே" என்று கேட்காத ஆளே கிடையாது. ஃப்ரீதான். ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்து டோக்கன் கொடுப்பதும் ஃப்ரீ. புருஷன் கையெழுத்து வாங்கிவா என்று சட்டத்தில் இல்லாததைக் கேட்டு விரட்டுவதும் ஃப்ரீ. பஸ் கூலி, வெளியே எடுக்கிற ஸ்கேன், தங்க இடம், துணைக்கு ஒரு ஆள், வேலைக்குப் போகாமல் விட்ட நாட்களின் கூலி, இதையெல்லாம் யார் தருவார்கள்? அதைத்தான் நாங்கள் தந்துகொண்டிருந்தோம்.

எங்கள் ஆபீஸ் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில், ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் இரும்புக் கடைக்கு மேலே ஒரு மாடியறை. அண்ணாச்சிக்கு எங்கள் அப்பாவின் பலசரக்கு மொத்தக் கடைப் பழக்கம். அறை கேட்டுப் போனபோது, "பெண்களோட ஆஸ்பத்திரிக் காரியம்" என்று நான் ஆரம்பித்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "அதுக்கு மேல எங்கிட்டச் சொல்லாண்டாம் மக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். இன்றுவரை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கீழே கம்பி அறுக்கிற சத்தத்தில் போனில் பேசுவது கேட்காது, ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும்.

அந்த அறைக்கு லலிதாம்பாள் மாமி தினமும் காலையில் கரமனையிலிருந்து சிட்டி பஸ்ஸில் வருவாள். அக்கிரகாரத்துப் பெண். அரசாங்க ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து செக்ஷன் சூப்பிரண்டாக ரிட்டயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், அவர்கள் போன பிறகு வீட்டில் தனியாள். ரிட்டயர் ஆன மறு மாதமே இங்கே வந்துவிட்டாள். டாக்டர் ஜிஷா, அவள்தான் இந்த நிதியைத் தொடங்கியவள், சர்க்கார் ஆஸ்பத்திரியில் மகப்பேறு டாக்டர், மாமியின் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தியின் மகள். கொஞ்சம் ரிஜிஸ்தர் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்காக வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள்.

பேட்டி எடுக்க வரும் பிள்ளைகள் மாமியிடம் துருவித் துருவிக் கேட்பார்கள். ஒரு அக்கிரகாரத்து மாமி, கோயிலுக்குப் போகிறவள், ஏகாதசி விரதம் இருக்கிறவள், இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது நடந்ததா என்று. அவர்களுக்கு ஒரு கண்ணீர்க் கதை வேண்டும். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்கு ஒரு காரணமும் கிடையாது. ஃபைல் எழுதத் தெரியும், அவ்வளவுதான்" என்பாள். பிள்ளைகள் ஏமாந்த முகத்தோடு படியிறங்கிப் போகும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கும்.

ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. சட்டத்தை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். எத்தனை வாரத்துக்கு ஒரு டாக்டர், எத்தனைக்கு இரண்டு டாக்டர், எந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வாரம்வரை இடம் உண்டு, எல்லாம் விரல் நுனியில். ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரியில், கல்யாணமாகாத பெண்ணுக்குச் செய்ய மாட்டோம் என்று ஒரு ஹெட் நர்ஸ் குரலை உயர்த்தியபோது, மாமி குரலே உயர்த்தாமல் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி, "அதை எழுத்துல குடுங்கோ, நான் மேலே அனுப்பிக்கறேன்" என்றாள். எழுத்தில் என்றதும் அந்தம்மாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. நானாக இருந்தால் கத்தி, அழுது, காரியத்தைக் கெடுத்திருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எனக்கே தெரியும்.

மாமியின் இந்த ஒழுங்கில்தான் பிறந்தது அந்தச் சட்டம். அரசாங்கச் சட்டம் அல்ல, மாமியே போட்டது. நாம் எந்தப் பெண்ணையும் திருப்பிக் கூப்பிடக் கூடாது. அவள்தான் நம்மைக் கூப்பிட வேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து லிபி என்று ஒரு பெண் வந்துபோனாள். மூன்று பிள்ளைகள், குடிகாரப் புருஷன். ஆஸ்பத்திரித் தேதி கிடைத்ததும் மாமி அவள் எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது புருஷன். மாமிக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. ஆபீஸ் குரலில் லிபி இருக்கிறாளா என்று கேட்டு, ஆஸ்பத்திரித் தேதி விஷயம் என்றும் சொல்லிவிட்டாள். நான்கு நாள் கழித்து லிபி அந்த மாடிப்படியில் ஏறி வந்தாள். இடது கை கட்டுப்போட்டுத் தொங்கியது, ஒரு கண் திறக்கவில்லை. வாங்கிய பஸ் கூலியைத் திருப்பித் தரத்தான் வந்தாளாம். பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, இனி என்னை விளிக்கவே கூடாது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அப்புறம் அவளுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

மாமி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ரிஜிஸ்தரின் முதல் பக்கத்தில் அந்த வரியை எழுதினாள். அன்றிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்வாள்: நீதான் கூப்பிடணும், நாங்க கூப்பிட மாட்டோம். நீ கூப்பிடலேன்னா உனக்கு மனசு மாறிடுத்துன்னு எடுத்துப்போம். யாரும் உன்னைத் துரத்த மாட்டா, ஏன்னு கேக்கவும் மாட்டா. நிதிக்கென்று இருந்த போனை அவள் இடுப்புப் பையில் வைத்திருப்பாள். கோயில் பிரகாரத்தில்கூட எடுத்துப் பேசி, குருக்களிடம் முறைப்பு வாங்கியிருக்கிறாள். அத்தனை வருடத்தில் ஒரு அழைப்பைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அந்தச் சட்டத்தால் எத்தனை பெண்கள் அடி வாங்காமல் தப்பித்தார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை, பேச்சித்தாய் வரும்வரை.

பேச்சித்தாய் பொன்முடியில் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். அவள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏறிய குடும்பம். வயது முப்பது. ஒரு பெண், ஒரு பையன், இரண்டும் ஸ்கூலில். புருஷன் ஆவணியில் மரம் முறிந்து விழுந்து செத்துப்போனான். அப்போது அவளுக்கு மூன்றாவது மாதம்.

அவளுக்கு வேலை நிரந்தரமில்லை. வேலைக்கு இறங்கினால் கூலி, வேலையில் இருக்கும்வரை லயத்தில், எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பில், ஓர் அறை. பிரசவம் என்று நின்றுவிட்டால் இரண்டும் போய்விடும். புருஷன் இருந்தபோது அவன் கூலியில் சமாளித்திருக்கலாம். இப்போது அந்த அறை போனால் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கே போவாள்? அவளுக்குப் பிறந்த வீடும் கிடையாது. அதனால்தான் கலைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆசைப்பட்டுச் செய்த முடிவில்லை என்று அவளே சொன்னாள். வயிற்றில் இருப்பது புருஷனுக்குத் தெரிந்து, பேர்கூட யோசித்து வைத்திருந்தானாம்.

சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் ஓடி வந்தாளோ என்று நினைக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே மலையை விட்டிறங்கிக் கீழே இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். புருஷன் கையெழுத்து கேட்டார்கள். செத்துப்போயிட்டான் என்றாள். அப்படியானால் வீட்டில் பெரியவர் யாரையாவது கூட்டிவா என்றார்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போயிற்று. ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு பஸ்தான் அந்த வளைவு ரோட்டில் ஓடும், காலையில் விட்டால் போயிற்று. அவள் எங்கள் படியேறும்போது ஐப்பசி பிறந்திருந்தது.

திங்கட்கிழமை. நானே கூட்டிப்போய் வெளியில் ஸ்கேன் எடுத்தேன். இருபத்திரண்டு வாரமும் மூன்று நாளும். டாக்டர் ஜிஷா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். கர்ப்பத்தின் நடுவில் விதவையானவளுக்கு இருபத்துநாலு வாரம்வரை இடம் உண்டு, இரண்டு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். தானும் இன்னொருவரும் போடுகிறோம், ஆனால் புருஷன் செத்ததற்குச் சர்டிபிகேட் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியாது என்றாள். கடைசி நாள் அடுத்த வாரம் வியாழக்கிழமை. அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்று பேச்சித்தாயிடமும் தெளிவாகச் சொன்னாள்.

சர்டிபிகேட் கொழுந்தனிடம் இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு அலைகிறேன் என்று அவன் வாங்கி வைத்துக்கொண்டிருந்தான், எதற்கு என்று கேட்காமல் தர மாட்டான். நகல் நான் பஞ்சாயத்து ஆபீஸில் வாங்குகிறேன் என்று சொன்னேன். அதுவரை இங்கேயே தங்கிக்கொள் என்று மாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தவளால் எத்தனை நாள் தங்க முடியும்? மலையேறிப் போனாள். போகும்போது மாமி வழக்கம்போலக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீ கூப்பிடு. சர்டிபிகேட் கைக்கு வந்த உடனே தேதி சொல்றேன். கேட்டியோ? சர்டிபிகேட் வராம நீ வந்து பிரயோஜனம் இல்லை."

பேச்சித்தாய் தலையாட்டினாள். புதன்கிழமை கூப்பிட்டாள். பஞ்சாயத்து ஆபீஸில் அந்த சீட்டில் இருப்பவர் லீவு, இன்னும் வரவில்லை என்றாள் மாமி. வெள்ளிக்கிழமை காலையிலும் கூப்பிட்டாள். அதே பதில். அன்று மத்தியானம் நான் பஞ்சாயத்து ஆபீஸில் ஒற்றைக்காலில் நின்று, அந்த லீவுக்காரரின் வேலையைப் பக்கத்து சீட்டுக்காரரைக் கெஞ்சிச் செய்ய வைத்து, நகலை வாங்கிவிட்டேன். மழையில் நனையாமல் பிளவுஸுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை இரண்டு கையெழுத்தும் ஆயிற்று. திங்கட்கிழமை அட்மிட் ஆகலாம். எல்லாம் ரெடி. அவள் கூப்பிட்டால் போதும்.

அவள் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிறும் விடாமல் பெய்தது. பொன்முடி ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்துவிட்டது, பஸ் ஓடவில்லை என்று டிவியில் காட்டினார்கள். நான் நிதி போனை எடுத்துத் தரச் சொல்லி மாமியின் கரமனை வீட்டுக்கே போனேன். அவளே கூப்பிடுவாள் என்று மாமி உட்கார்ந்திருந்தாள். மடியில் போன், கண் அதிலேயே.

"மாமி, ரோடு போயிடுத்து. ஒரு தடவை அடிச்சுப் பாருங்கோ."

"அவ கொழுந்தன் எடுத்தா?"

"புருஷனே இல்லை, மாமி. இந்தச் சட்டமெல்லாம் புருஷனுக்குப் பயந்து போட்டதுதானே?"

"லயத்துல ஒரு போனை பத்து பேர் எடுப்பா. சேதி கொழுந்தன் காதுக்குப் போனா? ஏற்கெனவே நஷ்ட ஈட்டுக்கு அலையறவன். குழந்தை இருந்தா கூடக் கெடைக்கும்னு அவன் நெனச்சா, அவளை வெளியிலயே விட மாட்டான். ஒரு கை ஒடிஞ்சது போறும், ரேஷ்மி. என்னால இன்னொண்ணு தாங்க முடியாது."

லிபியின் கையை நானும்தானே பார்த்தேன். ஆனாலும் பொறுக்கவில்லை, ரோடு அடைத்தால் பெண் என்ன செய்வாள், ஏதாவது செய்ய வேண்டாமா என்று நடு வீட்டில் நின்று கத்தினேன். மாமி அசையவில்லை. ரோடு அடைந்தாலும் போன் அடையாதே, வேண்டுமென்றால் கூப்பிட்டிருப்பாள் என்றாள். புதனும் வெள்ளியும் கூப்பிட்டவளுக்கு சனியும் ஞாயிறும் மட்டும் ஏன் முடியாது? மனசு மாறியிருக்கலாம். புருஷன் பேர் வைத்த குழந்தை. அவளைத் துரத்த நமக்கு உரிமை கிடையாது. இதுதான் மாமியின் கணக்கு. பிசிரில்லாத கணக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் யோக்கியமில்லை. அந்த நம்பர் எனக்கும் தெரியும். ஸ்கேன் படிவத்தில் என் கையால்தான் எழுதினேன். என் சொந்த போனிலிருந்து அடித்திருக்கலாம், மாமிக்குத் தெரியவே தெரியாது. பஸ் ஸ்டாப்பில் நின்று எண்ணைப் போட்டும் விட்டேன், பச்சைப் பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. ஒரு ஆண் குரல் எடுத்தால் என்ன செய்வது என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மாமியிடம் அத்தனை கத்திவிட்டு, வெளியே வந்து மாமி செய்ததையேதான் நானும் செய்தேன்.

திங்கள் போயிற்று. ஜிஷா கட்டிலை செவ்வாய்வரை வைத்திருந்தாள், பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, வியாழன் காலைக்குள் வந்தாலும் எப்படியாவது பார்க்கிறேன் என்றாள். புதன்கிழமை மழை விட்டது. மாமி அன்று ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. போன் ஒவ்வொரு தடவை அடித்தபோதும் இருவரும் நிமிர்ந்தோம். கொல்லத்திலிருந்து ஒரு பெண், பாறசாலையிலிருந்து ஒரு காலேஜ் பிள்ளை, ஏதோ லோன் வேண்டுமா என்று ஒருத்தன். வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமி ரிஜிஸ்தரை எடுத்து, பேச்சித்தாய் பேருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினாள். கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது. எனக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிய வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நிதி போன் அடித்தது. மாமி ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்க வேண்டிய அழைப்புகளில் அது அவள் வழக்கம்.

"அம்மா, நான் பேச்சித்தாய் பேசுதேன். ரோட்டத் தொறந்துட்டாவ. இப்பதான் கீழ எறங்கி ரீசார்ஜ் பண்ணினேன். வியாழன் தாண்டிட்டுன்னு தெரியும், ரெண்டு நாளுதானம்மா, பாத்துச் செய்வாவல்லா? சர்டிபிகேட் வந்துட்டாம்மா? எப்ப வரணும்?"

மாமி ரிஜிஸ்தரைத் திறந்து, 'வரவில்லை' என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தாள். எதிர்முனையில் "அம்மா, கேக்குதா?" என்ற குரல் மறுபடி வந்தது. கடைசியில் மாமி, "நான் அங்கே வரேன். நீ லயத்துல இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் கடை ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். சரிந்த மண்ணை ஓரமாகத் தள்ளி ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். மாமிக்கு வளைவு ஏற ஏற வாந்தி வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

பேச்சித்தாய் லயத்துக்கு வெளியே, ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தாள். இரண்டு ஆட்கள் இத்தனை தூரம் தன்னைத் தேடி வந்திருப்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நடந்ததை அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் எங்களிடம் பேசிய பிறகு போனில் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது. இவள் யாரையும் கூப்பிட முடியாது, யாராவது கூப்பிட்டால் எடுக்கலாம். சனிக்கிழமை கீழே இறங்கி ரீசார்ஜ் செய்யலாம் என்று இருந்தவளை மழை பிடித்துக்கொண்டது, அப்புறம் ரோடும் போயிற்று. பக்கத்து வீட்டில் போன் கேட்டிருக்கலாம். ஆனால் யாருக்கு, எதற்கு என்று கேட்பார்கள், நம்பர் அந்த போனிலேயே கிடக்கும், கொழுந்தன் காதுக்குப் போய்விடும். அதற்குப் பயந்து கேட்கவில்லை. மாமி எதற்குப் பயந்தாளோ அதற்கேதான் அவளும் பயந்திருக்கிறாள்.

"கூப்பிட மாட்டோம்னு சொன்னீங்கதாம்மா. ஆனாலும் ரெண்டு தடவ கூப்பிட்டவ அப்புறம் கூப்பிடலியே, என்னமோ ஏதோன்னு ஒரு தடவ அடிச்சுப் பாப்பீங்கன்னு நெனச்சேன். இந்தக் கல்லுலதான் இருந்தேன், சாக்கப் போத்திக்கிட்டு. போனு என் கையிலதான் இருந்துச்சு. நீங்க அடிக்கலேன்ன உடனே, சரி, சர்டிபிகேட் இன்னும் வரலன்னு நெனச்சுக்கிட்டேன். அது இல்லாம வரக்கூடாதுன்னு சொன்னீங்கள்லா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நடந்தே எறங்கியிருப்பேம்மா."

மாமி நின்றுகொண்டே கேட்டாள். பிறகு, சர்டிபிகேட் முந்தின வாரம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது, கட்டில் போட்டுக் காத்திருந்தார்கள், நேற்றோடு இருபத்துநாலு வாரம் முடிந்தது, இனி செய்ய முடியாது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒளிக்கவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. "தப்பு என் பேர்ல" என்றாள்.

பேச்சித்தாய் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது வேறு வழி சொல்வேன் என்று. எர்ணாகுளத்தில் ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று நான் ஆரம்பித்தேன். வரும் வழியிலேயே தெரிந்த வக்கீலைக் கூப்பிட்டிருந்தேன். கருவுக்குக் கோளாறு இருந்தால் கோர்ட் கேட்கும், இது நல்ல ஆரோக்கியமான கரு, உத்தரவு வரும்போது இருபத்தாறு வாரம் ஆகியிருக்கும், ஆசை காட்டாதீர்கள் என்று அவர் பட்டென்று சொல்லிவிட்டார். அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். எர்ணாகுளம் எத்தனை தூரம் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தலையை அசைத்தாள்.

அழுவாள் என்று பார்த்தேன், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று. திட்டியிருந்தால் மாமிக்கும் எனக்கும் நல்லதாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து மடித்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிற சாக்கு. அதை வயிற்றின்மேல் வைத்து, தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"தப்ப யாரு மேல போட்டு என்னம்மா ஆவப்போவுது. இதச் சுத்திக்கிட்டா சூப்பர்வைசருக்கு இன்னும் தெரியல. இன்னும் எத்தன வாரம் குனிஞ்சு நிமுந்து பறிக்க முடியும்? அத மட்டும் சொல்லுங்க."

மாமிக்கு இந்தக் கணக்கும் தெரிந்திருந்தது. எட்டு வாரம், கவனமாக இருந்தால் பத்து என்றாள். குரல் கேட்கவே இல்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பேச்சித்தாய் பத்து, பத்து என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வரும் நேரமாயிற்று, நீங்கள் இங்கே நிற்பதைப் பார்த்தால் கேட்பார்கள், புறப்படுங்கள் என்றாள்.

அன்றிலிருந்து ஒன்பதாவது வாரம் சூப்பர்வைசர் கண்டுபிடித்து அவளை வேலையிலிருந்து நிறுத்தினான். அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.